ஆட்டை விட்டுப் புழுவைக் கொல்லும் மருந்து

ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் பேருந்து அறச்சலூரைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறிவிடுகிறது. கீழ்பவானி வாய்க்கால் பாயும் வரைக்கும் நெல், மஞ்சள், வாழை. தண்ணீர் எட்டாத மேட்டுக்கு ஏறியதும் முள் கிளுவை வேலிகள். வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல், அதன் நடுவே அங்கங்கே வெள்வேலா மரங்கள், மர நிழலில் செம்மறிகள்.

இதுதான் கொறங்காடு. ஊர்ப் பொது மேய்ச்சல் அல்ல. மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த சொந்தப் பட்டா நிலம். வேலி கட்டி, கடவு வைத்து, படல் சாத்தியிருப்பார்கள். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். அந்த மழைக்குக் கட்டுப்படியாகும் வெள்ளாமை புல்லும் கால்நடையும்தான் என்று கண்டுகொண்டவர்கள் இந்த மேட்டுக்காட்டு விவசாயிகள். காங்கேயம் காளைகள் இந்தப் புல்லில்தான் திமில் ஏறின. மேச்சேரி, மயிலம்பாடி ஆடுகளும் இதில்தான் வளர்கின்றன.

மார்கழி மாதம். கோவையில் தாவர மருந்துகளை ஆராயும் ஒரு மாணவியுடன் போயிருந்தேன். ஆட்டின் வயிற்றுப் புழுக்களை அழிக்கும் பொருள் கொறங்காட்டுச் செடிகளில் எதிலாவது இருக்கிறதா என்பது அவருடைய ஆய்வு. பழைய செய்தித்தாள் கட்டு, செடி அழுத்தும் மரச்சட்டம், குறிப்பேடு, சாணம் சேகரிக்கும் சின்ன டப்பாக்கள். அவருடைய ஆய்வுக்கூடம் அன்றைக்கு அந்தத் தோள்பையில் இருந்தது.

நத்தக்காடையூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டிக்குப் போனபோது மணி எட்டரை. வெயில் ஏறத் தொடங்கியும் ஆடுகள் வெளியே வரவில்லை. பட்டிக்குச் சொந்தக்காரரான மூதாட்டி படலுக்கு அருகே நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஓட்டலீங்களா ஆத்தா?” என்று கேட்டார் மாணவி.

“பனி இறங்கட்டும் அம்மிணி. பனிப்புல்லை மேஞ்சா ஆடு கழியும், தாடை ஊதும். அவசரப்பட்டா ஆடு நிக்குமா?”

அந்தப் பாட்டி சொன்னதற்கான காரணத்தை ஒட்டுண்ணியியல் பாடநூல்கள் விரிவாகவே எழுதியிருக்கின்றன. ஆட்டின் நான்காம் இரைப்பையில் குடியிருந்து ரத்தம் குடிக்கும் புழு ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ். பெண் புழு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலின் மேல் வெள்ளைச் சினைக்குழாய் முறுக்கிச் சுற்றியிருக்கும். ஒரு புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை சாணத்தோடு வெளியே வந்து, ஈரமும் சூடும் வாய்த்தால் ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்து இளம்புழுவாகிவிடும். புல்லின் மேல் படிந்த ஈரப் படலத்தில்தான் அது மேலேறும். பனி காய்ந்தால் அதற்கு ஏறும் வழி இல்லை. பனி இறங்கும்வரை ஆட்டை அடைத்து வைப்பது செலவில்லாத, பக்கவிளைவில்லாத தடுப்பு முறை.

பிறகு பாட்டி ஓர் ஆட்டைப் பிடித்துக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டார். கட்டைவிரலால் மேலிமையை மெல்ல அழுத்தி, இன்னொரு விரலால் கீழிமையை நீக்கினார். உள்தோல் வெளுத்திருந்தது. அடுத்த ஆட்டுக்கு நல்ல இளஞ்சிவப்பு.

“இது தேறிக்கும். அதுக்கு ரத்தமே இல்ல, பூச்சி குடிச்சுப்போட்டுது. அதுக்கு மட்டும் மருந்து ஊத்தோணும்.”

ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் இழக்க வைக்கிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. அந்த இழப்பு முதலில் தெரிவது கண்ணிமையில்தான். தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1990-களில் இதே பார்வையை ஐந்து நிற அட்டையாக வகுத்து, ஃபமாச்சா என்று பெயரிட்டு உலகெங்கும் கொண்டுபோனார்கள். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடு, எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதே என்பதே அந்த முறையின் சாரம். காரணம் இருக்கிறது. எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டுமே பிழைத்துப் பெருகும்.

புழு மருந்துகளின் வரலாறு இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. தயாபெண்டசோல் 1961-இல் சந்தைக்கு வந்தது. 1964-லேயே அதற்கு மசியாத ஹீமாங்கஸ் புழுக்கள் பதிவாயின. அதன் பின் அல்பெண்டசோல் உள்ளிட்ட அதே குடும்பத்து மருந்துகள், லெவாமிசோல், 1981-இல் ஐவர்மெக்டின் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் உலகின் ஏதோ ஒரு மூலையில் புழுக்கள் பழகிக்கொண்டன. நமக்கு மிக அருகில், நீலகிரியின் சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்து ஆடுகளிலும் அல்பெண்டசோல் குடும்பத்துக்கு எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. அந்த மருந்துகள் புழுவின் செல்லுக்குள் இருக்கும் ட்யூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்கின்றன. அந்தப் புரதத்தின் 200-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டாலே போதும், மருந்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது.

இது ஆட்டோடு நிற்கும் கவலையும் அல்ல. 2015 முதல் நாடெங்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கப்படும் மாத்திரையும் அல்பெண்டசோல்தான். மனிதப் புழுக்களுக்கென்று கையிருப்பில் உள்ள மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இவை கைவிட்டால் அடுத்தது என்ன என்ற கேள்விக்கு விடை தேடுபவர்களில் ஒருவர்தான் என்னுடன் வந்த மாணவி.

வெயில் ஏறி ஆடுகள் வெளியேறியதும் அவற்றின் பின்னாலேயே நாங்களும் நடந்தோம். மாணவியின் தேடலுக்கு ஓர் எளிய முறை இருந்தது. ஆடு எதைத் தின்கிறது என்பதோடு, எதைத் தொடாமல் விடுகிறது என்பதையும் அவர் குறித்துக்கொண்டே வந்தார். தன்னைத் தின்ன வருவதை விரட்டச் செடி தனக்குள் வேதிப்பொருள் செய்துவைக்கும். ஆட்டை விரட்டும் பொருள் புழுவையும் தாக்கக்கூடும்.

வேலியோரத்துக் கரட்டு மண்ணில் அப்படி ஒன்று படர்ந்திருந்தது. ஆடுதின்னாப்பாளை. சாம்பல் பூத்த பச்சையில் அகன்ற இலைகள், அடியில் பிளவு. இலைக்கக்கத்தில் கருஞ்சிவப்பு நிறத்தில் குழல் போன்ற பூ. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன், குமட்டும் நெடி. சுற்றிலும் புல்லை மொட்டையாக மேய்ந்திருந்த ஆடுகள் அந்தக் கொடியை ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. ஆனால் இலையின் அடியில் சிவப்பு முள் போன்ற சதைக் கொம்புகளோடு கரிய கம்பளிப்புழு ஒன்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. சிவப்பு உடல் வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. இந்தச் செடியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொண்டு, தன்னைக் கொத்த வரும் பறவைகளிடமிருந்து தப்பித்துக்கொள்கிறது.

சித்த மருத்துவத்திலும் நாட்டு வைத்தியத்திலும் புழுக்கொல்லியாகப் பெயர் பெற்ற செடி இது. தமிழகத்துப் பல்கலைக்கழகங்களிலும் இதன் சாற்றைப் புழுக்கள் மேலும் கொசுப்புழுக்கள் மேலும் சோதித்திருக்கிறார்கள். பாட்டியிடம் கேட்டோம்.

“எங்க மாமியா காலத்துல குடுப்பாங்க. பச்சையா அரைச்சு, மூங்கக் குழாயில ஊத்துவாங்க. சூடு காட்டுனா மருந்து போயிரும். மூணு விரல்ல எடுக்கற அளவுதான். சினையாட்டுக்கு மாத்தரம் ஆகாது, குட்டி வீசிரும்.”

மாணவி இதை எழுதிக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. செடியின் பெயரோடு நிறுத்தவில்லை. எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, அரைத்ததா கொதித்ததா, எவ்வளவு, எப்போது, யாருக்குக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதினார். இப்படி எழுதுவதன் அருமையை உலகுக்குக் காட்டியவர் சீனத்தின் தூ யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேடி அவருடைய குழு நூற்றுக்கணக்கான சாறுகளைச் சோதித்தது. மாசிப்பச்சை இனத்தைச் சேர்ந்த ச்சிங்ஹாவ் என்ற செடி ஒரு முறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹொங் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தபோதுதான், அவர் செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருக்கிறார் என்பது தூ யூயூவுக்குத் தட்டுப்பட்டது. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈத்தரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4 அன்று 191-ஆவது மாதிரி எலிகளின் மலேரியா ஒட்டுண்ணிகளை அடியோடு அழித்தது. ஆர்டிமிசினின் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது.

அதே பரிசின் மறுபாதி, புழு மருந்துக்கே போனது. ஜப்பானின் சதோஷி ஓமுரா, இதோ என்ற நகரத்தின் கவானா பகுதியில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவைப் பிரித்தார். அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் காம்பெல் குழு அதைப் புழு பிடித்த எலிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தது. எலிகள் புழு நீங்கின. அந்தப் பாக்டீரியா தந்த அவர்மெக்டினைத் திருத்தி உண்டாக்கியதுதான் ஐவர்மெக்டின். முதலில் ஆடு மாடுகளுக்கு வந்தது. 1987 முதல் ஆற்றுக் குருடு என்ற கண்நோய்க்கு மெர்க் அதை இலவசமாகவே வழங்கி வருகிறது. யானைக்கால் நோய் ஒழிப்பிலும் இன்று அது பயன்படுகிறது. கால்நடைக்கென்று தேடிய மருந்து மனிதரைக் காத்தது. ஆகவே மாணவி கொறங்காட்டில் செடியோடு பட்டி மண்ணையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

நடுப்பகலில் ஒரு வெள்வேலா மரத்தடியில் உட்கார்ந்தோம். கோடையில் புல் கருகிப்போகும்போது இதன் காயை உலுக்கிவிட்டுத்தான் ஆட்டைத் தேற்றுவார்களாம். வேல மர இனங்களின் இலையிலும் காயிலும் பட்டையிலும் துவர்ப்பு தரும் டானின்கள் மிகுதி. தென்னாப்பிரிக்காவில் ஒரு வகை வேல மரத்தின் தழையை வெள்ளாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஹீமாங்கஸ் புழுக்களும் முட்டைகளும் குறைந்தன. அளவு மீறினால் அதே டானின் தீனியைச் செரிக்க விடாமல் தடுக்கும். மருந்துக்கும் தீனிக்கும் நடுவில் நிற்கும் இத்தகைய மரங்களைக் கொறங்காட்டுக்காரர்கள் வெட்டாமல் வைத்திருப்பது வெறும் நிழலுக்காக அல்ல.

மறுநாள் பல்லடம் வழியாகக் கோவை வந்தோம். வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பழைய பெயரிலேயே உலகம் அறிந்த உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். தென்னிந்தியாவில் மருந்துச் செடி ஆராயும் யாராக இருந்தாலும், தம் செடி எது என்று உறுதி செய்துகொள்ள இந்த வாசலுக்கு வருவார்கள். அழுத்தி உலர்த்திய கொடியைத் தாளில் ஒட்டி, எடுத்த ஊர், தேதி, மண், உள்ளூர்ப் பெயர், எடுத்தவர் பெயர் எழுதி ஒப்படைக்க வேண்டும். நாளை யாராவது அந்த ஆய்வைச் சந்தேகித்தால், எடுத்துக் காட்ட இந்தத் தாள் இருக்கும்.

இதை வெறும் நடைமுறை என்று ஒதுக்குபவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த வேறொரு செடி மாத்திரையில் கலந்துவிட்டிருந்தது. அந்தச் செடி, நம் ஆடுதின்னாப்பாளையின் இனமான அரிஸ்டலோக்கியா. அதன் அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்ததோடு, பிழைத்தவர்கள் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கியது. டான்யூப் ஆற்றின் கிளைகளையொட்டிய பால்கன் கிராமங்களில் பல பத்தாண்டுகளாகப் புரியாதிருந்த சிறுநீரக நோய்க்கும் கோதுமையோடு கலந்த இதே இனத்து விதைதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. நம் வேலியோரத்துக் கொடியிலும் அந்த அமிலம் உண்டு.

பாட்டியின் மாமியார் இந்தச் செடியின் நஞ்சை அறியாதவர் அல்லர். சினையாட்டுக்கு ஆகாது, மூன்று விரல் அளவுக்கு மேல் ஆகாது என்று எல்லை போட்டிருந்தார். கண்ணெதிரே நடப்பதைக் கண்டு போட்ட எல்லை அது. குட்டி வீசுவது ஒரு வாரத்தில் தெரியும். ஆனால் சிறுநீரகம் மாதக்கணக்கில் கெடுவதும், மரபணுவில் ஏறிய பிழை ஆண்டுகள் கழித்துப் புற்றாவதும் பட்டியில் நின்று பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. அதற்குச் சோதனைக்கூடம் வேண்டும். அதேபோல, ஆயிரக்கணக்கான செடிகளில் எதைக் கையில் எடுப்பது, எப்படி அரைப்பது, எப்போது கொடுப்பது என்பது சோதனைக்கூடத்துக்குத் தானாகத் தெரியாது. அதற்குப் பட்டி வேண்டும்.

நம் நாட்டில் நடக்கும் மூலிகைச் சோதனைகளில் எனக்குள்ள வருத்தம் இதில்தான். செடியைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், நீர் என்று ஒவ்வொரு கரைப்பானிலும் சாறு எடுக்கிறோம். சாணத்திலிருந்து பிரித்த புழு முட்டைகளைச் சின்னக் குழிகளில் இட்டு, வெவ்வேறு அளவில் சாறு ஊற்றி, 48 மணி நேரம் கழித்து எத்தனை பொரிக்கவில்லை என்று நுண்ணோக்கியில் எண்ணுகிறோம். பலன் தெரிந்தால் கட்டுரை எழுதுகிறோம். பெரும்பாலான ஆய்வுகள் அத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அது தொடக்கம் மட்டுமே. கண்ணாடிக் குழிக்குள் புழுவைக் கொல்லும் பொருள்கள் எத்தனையோ உண்டு. சாராயமும் கொல்லும், சோப்புத் தண்ணீரும் கொல்லும்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. சாற்றில் இருக்கும் பல பொருள்களில் புழுவைத் தாக்குவது எது என்று பிரித்துப் பிரித்துச் சோதித்துத் தனிப் பொருளை எடுக்க வேண்டும். அதன் மூலக்கூறு அமைப்பை அறிய வேண்டும். பாலூட்டியின் செல்களின் மேல் அதே பொருளை ஊற்றி, புழுவைக் கொல்லும் அளவைப்போல் பத்து மடங்காவது கூட்டிய பிறகுதான் நம் செல்கள் பாதிக்கப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆட்டின் வயிற்றில் அது செரித்துப் போகாமல் நிற்கிறதா, பாலிலும் கறியிலும் எவ்வளவு நாள் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். மருந்து என்றால் புழுவைக் கொன்றால் மட்டும் போதாது. ஆட்டை விட்டுவிட்டுப் புழுவைக் கொல்ல வேண்டும். என்னுடன் வந்த மாணவி தம் அட்டவணையின் வரிசையையே மாற்றி வைத்திருக்கிறார். ஆடுதின்னாப்பாளை போன்ற இனங்களில் முதல் சோதனை செல் நஞ்சுக்கு, அதில் தேறினால்தான் புழுவுக்கு.

பட்டியின் அறிவும் சோதனைக்கூடத்தின் அறிவும் சேர்ந்த முயற்சிகள் நம்மிடம் இல்லாமலில்லை. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையம் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தலைமையில் மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைத் தொகுத்தது. குடற்புழுவுக்குச் சீரகம், கடுகு, மிளகு, மஞ்சள், பூண்டு, பாகற்காய், தும்பை, வேப்பிலை, வாழைத்தண்டு, வெல்லம் என்று சமையலறையிலும் தோட்டத்திலும் கிடைப்பவற்றையே கொண்ட முறைகளைத் தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கிறது. காங்கேயம் குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டினத்தோடு கொறங்காட்டையும் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்து வருகிறது. காடு இல்லாமல் மாட்டை மட்டும் காக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கொறங்காடுகள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவருவதைக் காங்கேயம் சாலைகளில் போகும் எவரும் பார்க்கலாம். ஒரு காடு போகும்போது அதன் செடிகளும் மண்ணின் நுண்ணுயிர்களும் மட்டும் போவதில்லை. பனி இறங்கக் காத்திருக்கவும் இமையை நீக்கிப் பார்க்கவும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலையும் இல்லாமல் போகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம், உள்ளூர் அறிவைக் கொண்டு லாபம் பார்ப்பவர்கள் அந்த ஊருக்கும் பங்கு தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பணப் பங்குக்கும் முன்னால், ஆய்வு முடிவுகளில் ஒரு பங்கு இந்தப் பட்டிகளுக்கு வந்தாக வேண்டும்.

சோதனையில் ஒரு செடி தேறினால் செய்தியாகிறது. தேறாவிட்டால், நஞ்சென்று தெரிந்தால், அது ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டின் கடைசி அட்டவணையில் புதைந்துபோகிறது. செடியைக் காட்டிக்கொடுத்த பாட்டிக்கு அது போய்ச் சேருவதே இல்லை. இந்தக் கொடியை ஆட்டுக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், இதன் கேடு உடனே தெரியாது என்று அந்தப் பட்டிக்கே திரும்பிப் போய், தமிழில், காரணத்தோடு சொல்வதும் மருந்து ஆராய்ச்சியின் பலன்தான். புதிய மருந்து கிடைக்கப் பத்து ஆண்டு ஆகலாம், இருபது ஆகலாம். இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பேருந்துக் கட்டணம் போதும்.